புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) கடிச்சா இதயத்துக்கு என்ன நடக்கு?

வட்டைக்காரன்:
எங்கட சித்தப்பாக்கு வெல்லாவெளிப் பக்கம் வட்டைக்குள்ள வரம்போரம் புல்லு வெட்டக்குள்ள புடையன் கடிச்சிட்டு. கால்ல பெரிய வீக்கமெண்டும் இல்ல, ஆள் நல்லாத்தான் கதைச்சிட்டு இருந்தார், ஆனா பல்லு முரசால ரத்தம் கசிஞ்சிட்டே இருந்திச்சு. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள விட்டுப்போட்டு சும்மா பார்த்திட்டு இருந்தாங்க, எங்களுக்கெண்டா விசர் பிடிச்சிட்டு. பிறகுதான் நஞ்சு முறிக்கிற ஊசி ஏத்தினது. இப்ப வீட்ட வந்திட்டார். நஞ்சு நெஞ்சுக்கு ஏறினா முடிஞ்சுது எண்டு ஊர்ல சொல்றாங்களே, உண்மையா?

நைட்டியூட்டி:
தம்பி, சும்மா பார்க்கல்ல, அதுதான் டெஸ்டே. 20 நிமிஷம் அசைக்காம வெச்சிட்டுக் குழாயைச் சரிச்சுப் பார்க்கிறது, உறையாம தண்ணியா ஓடிச்செண்டா நஞ்சு வேலை செய்யுது. புடையன்ட நஞ்சு ரத்தம் உறையிறதுக்கான சாமான் எல்லாத்தையும் உடம்பு முழுக்கத் தட்டி எழுப்பி ஒரேயடியாச் செலவழிச்சு முடிச்சிடும், பிறகு தேவைப்படக்குள்ள ஒண்டும் மிஞ்சாது, அதாலதான் முரசு, மூத்திரம் எல்லாத்தாலயும் ரத்தம் வாறது, மூளைக்குள்ள கசிஞ்சாத்தான் பெரிய ஆபத்து. இதயத்துல நேராப் போய் அடிக்கிறதெண்டில்ல, சின்ன நாளங்கள் கசியத் தொடங்கி பிரஷர் இறங்கும், அப்ப இதயம் கிடந்து அடிபடும். ஊசி போட்ட உடனயும் உறையாது, ஈரல் திரும்பச் செய்யோணும், அதுக்கு மணித்தியாலக் கணக்காகும், அதான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறது.

சாகாமம் நானா:
எங்கட பக்கம் இப்பயும் கயித்தால இறுக்கிக் கட்டி, பிளேட்டால கீறித்தான் கொண்டு போறாங்க. உறையாத ரத்தத்துல கீறினா எங்க நிக்கப் போகுது? நோவுக்கு ஆஸ்பிரினும் குடுக்காதீங்க, பனடோல் போதும். கால அசைக்க விடாமக் கொண்டு போங்க.

குளிசைக்காரன்:
விஷயத்துக்கு வெளிய ஒண்டு, பிரஷருக்குப் போடுற கப்டொப்ரில் குளிசை இருக்கே, அது வந்த வழியே பிரேசில்ல இருக்கிற ஒரு விரியன்ட நஞ்சுதான். கடிச்சாக்களுக்கு பிரஷர் ஏன் இப்பிடி விழுது எண்டு தேடப் போய்க் கண்டுபிடிச்சது.

வட்டைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்தையில இருந்து சித்தப்பா முழங்கால் மூட்டெல்லாம் நோகுது எண்டுறார், உடம்பும் சொறியுதாம். நஞ்சு இன்னும் இருக்கோ?

நைட்டியூட்டி:
நஞ்சா இருக்காது. அந்த ஊசி குதிரைட ரத்தத்துல இருந்து எடுக்கிறது, போட்டு ஒரு கிழமை ரெண்டு கிழமைல சிலருக்கு இப்பிடி மூட்டு நோவு, சொறி, காய்ச்சல் வரும், மருந்து இருக்கு. மூத்திரம் ஒழுங்காப் போகுதோ எண்டும் கேளுங்க, புடையன்ட நஞ்சு சிறுநீரகத்தையும் தாக்கும். வீட்ட அனுப்பக்குள்ள ஆஸ்பத்திரில தந்த துண்டையும் எடுத்திட்டு இண்டைக்கே கிளினிக்குக்குப் போங்க, நாளைக்கு எண்டு வைக்காதீங்க.