ஹைபிரிட் காரின் கூடுதல் எடை மைலேஜைத் தின்றுவிடாதா?

எடைமேடை:
பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் என்றாலே மைலேஜ் என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் என்று ஏற்றுகிற பாரத்தை யாரும் பேசுவதில்லை. காரின் எடையை 10 சதவீதம் குறைத்தால் மைலேஜ் 6 முதல் 8 சதவீதம் கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. 1999இல் வந்த ஹோண்டா இன்சைட் ஹைபிரிட்டைப் பாருங்கள். அலுமினிய உடல், எடை 850 கிலோவுக்கும் கீழே. அது பேர் வாங்கியதில் மோட்டாருக்குப் பங்கு குறைவு.

மூன்றாம்கியர்:
எடை எங்கே தின்கிறது, எங்கே தின்னவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால் எப்படி? 1,500 கிலோ கார் 60 கிமீ வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 2 லட்சம் ஜூல். ஒவ்வொரு சிக்னலிலும் சாதாரண கார் இதை பிரேக்கில் சூடாக்கி வீணடிக்கிறது. 100 கிலோ கூடினால் இன்னும் 14,000 ஜூல், அவ்வளவுதான். ஹைபிரிட்டில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். அப்படிப் பாதியைத் திரும்பப் பிடித்தால்கூட 1 லட்சம் ஜூலுக்கு மேல் கையில் நிற்கிறது. நின்று நின்று போகிற சாலையில் எடை ஒரு பொருட்டே இல்லை.

எடைமேடை:
பாதி என்பது தாராளமான கணக்கு. அவசரமாக பிரேக் அடித்தால் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில் சூடாகத்தான் போகும். நீண்ட இறக்கத்தில் அந்தக் குட்டி பேட்டரி சீக்கிரமே நிரம்பிவிடும், அப்புறம் மிச்சமெல்லாம் வீண். சரி, ஹைவேக்கு வாருங்கள். அங்கே பிரேக்கே இல்லை. எதைத் திரும்பப் பிடிப்பீர்கள்?

மூன்றாம்கியர்:
ஹைவேயில் முக்கிய எதிரி காற்று. 100 கிமீ வேகத்தில் காற்றின் தடை, டயர் உருள்வதன் தடையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. காற்றுக்கு உங்கள் எடை தெரியாது. டயருக்குத் தெரியும், ஆனால் 100 கிலோ கூடினால் 100 கிமீ தூரத்துக்கு 100 மில்லி பெட்ரோல் அளவுதான் வரும்.

இன்னொன்று, பிரேக்கில் பிடிப்பது கதையில் ஒரு பங்குதான். வேலை குறைவாக இருக்கும்போது பெட்ரோல் இன்ஜினின் செயல்திறன் படுமோசம். ஹைபிரிட் அந்த நேரத்தில் இன்ஜினை அணைத்துவிடும். தேவைப்படும்போது இன்ஜினுக்கு நல்ல வேலை கொடுத்து ஓட்டி, மிஞ்சியதை பேட்டரியில் போடும். தவிர, இழுவை குறைந்தாலும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற அட்கின்சன் சுழற்சி இன்ஜினும் வைக்க முடிகிறது. 2015இல் வந்த டொயோட்டாவின் நான்காம் தலைமுறை பிரியஸ் ஹைபிரிட்டில் அதன் வெப்பத் திறன், அதாவது பெட்ரோலின் ஆற்றலில் வேலையாக மாறும் பங்கு, 40 சதவீதம்வரை போனது.

கடைசிசீட்டு:
இரண்டு பேரும் ப்ளக்-இன் ஹைபிரிட்டை, அதாவது வெளியே செருகி சார்ஜ் போடும் வகையை, விட்டுவிட்டீர்களே? பெரிய பேட்டரி, சார்ஜ் போடச் சோம்பல். காலி பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் கார் அது. அங்கே எடைக்காரர் சொல்வதுதான் சரி.

மூன்றாம்கியர்:
அது சார்ஜ் போடாதவரின் குறை, தொழில்நுட்பத்தின் குறை இல்லை.

எடைமேடை:
நல்ல சமாளிப்பு. அந்த அட்கின்சன் இன்ஜினையே 900 கிலோ கார் ஒன்றில் மோட்டார் இல்லாமல் வைத்துப் பாருங்கள். ஹைவேயில் உங்கள் ஹைபிரிட் என்ன பெரிதாக மிச்சம் பிடிக்கும்?

மூன்றாம்கியர்:
வைக்கலாம். குறைந்த சுற்றில் அந்த இன்ஜினுக்கு இழுவை போதாது, ஒரு லாரியை முந்தவே திணறும். அதை ஈடுகட்ட இன்ஜினைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டார் வேண்டும். இரண்டுமே எடைதான். நீங்கள் எதை ஏற்றுவீர்கள்?