கைப்பேசியில் அழித்த படங்கள் கணினியிலும் மறைந்துவிட்டன: சிங்க்திங் பயன்படுத்துவோர் உதவவும்

திருமலை எழுதுவினைஞர்:

வணக்கம். திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் காணி விடயமாகப் போகும்போது, கட்சிக்காரரின் பழைய காணி உறுதிகளையும் நில அளவைப் படங்களையும் அவர்கள் வீட்டிலேயே வைத்துக் கைப்பேசியால் படம்பிடித்து வருவது என் வழக்கம். பிறருடைய உறுதிகளை கூகுள் டிரைவ் போன்ற இடங்களில் ஏற்றுவதில் எங்கள் ஐயாவுக்கு விருப்பமில்லை. ஆகவே, நடுவில் எவருடைய சேமிப்பகமும் இல்லாமல் கைப்பேசியிலிருந்து அலுவலகக் கணினிக்கு நேரே கோப்புகளைக் கொண்டுசேர்க்கும் சிங்க்திங் செயலியை நிறுவி, கேமரா படங்களைச் சேமிக்கும் டிசிஐஎம் கோப்புறையை அப்படியே இணைத்திருந்தேன்.

கடந்த வெள்ளிக்கிழமை கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டதால், எல்லாம் கணினிக்குப் போய்விட்டதே என்ற துணிவில், கூகுள் போட்டோஸில் அந்தப் படங்களைத் தெரிவுசெய்து அழித்தேன். திங்கட்கிழமை காலை பார்த்தால் கணினியிலும் அவை இல்லை. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. புள்ளியில் தொடங்கும் விளங்காத பெயருள்ள சில கோப்புகள் மட்டும் கிடக்கின்றன. இத்தனைக்கும் கைப்பேசியில் இடமும் கூடவில்லை. போனவற்றுள் ஓர் உறுதியின் 14 பக்கங்களும் அடக்கம். அதை வைத்திருந்த அம்மா இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கிறார். அவரிடம் எந்த முகத்தோடு மறுபடி கேட்பது?

இன்னொன்று: திரை அணைந்த சிறிது நேரத்தில் ஒத்திசைவும் நின்றுவிடுகிறது.

நிலாவெளி வாசகன்:

இது ஒத்திசைவுச் செயலியின் இயல்பு, ஐயா. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட வேலை. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழிக்கும். கைப்பேசியில் அந்தக் கோப்புறையை ‘அனுப்ப மட்டும்’ என்றும், கணினியில் ‘பெற மட்டும்’ என்றும் மாற்றிவிடுங்கள். இனி இப்படி நேராது.

பழைய லினக்ஸ்காரன்:

முதலில் அவசரமானது: புள்ளியில் தொடங்கும் அந்தக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். உங்கள் படங்கள் அவையாகவே இருக்கக்கூடும். ஆண்ட்ராய்டு 11 முதல், கூகுள் போட்டோஸ் போன்ற செயலிகளில் ஒரு படத்தை அழிக்கும்போது அது உடனே அழிவதில்லை. புள்ளி, ‘டிராஷ்ட்’ என்ற சொல், ஒரு நீண்ட எண், அதன்பின் பழைய பெயர் என்று மறுபெயர் பெற்று, 30 நாட்கள் அதே கோப்புறையில் மறைந்து கிடக்கும். இடம் கூடாததற்கும் அதுவே காரணம். சிங்க்திங்குக்கு இந்தக் குப்பைத்தொட்டிக் கணக்கெல்லாம் தெரியாது. பழைய பெயரில் கோப்பு இல்லை, புதிய பெயரில் ஒன்று இருக்கிறது என்று கண்டு, கணினியிலும் அவ்வாறே செய்துவிட்டது. அவற்றை இணைக்கப்படாத வேறொரு கோப்புறைக்குப் பிரதியெடுத்து, பெயரின் முன்பகுதியை நீக்கித் திறந்து பாருங்கள். கைப்பேசியின் குப்பைத்தொட்டியைக் காலிசெய்தால் இவையும் போய்விடும் என்பதால் அதுவரை அங்கே கைவைக்க வேண்டாம்.

நிலாவெளி நண்பர் சொன்னதில் ஒரு திருத்தம். ‘அனுப்ப மட்டும்’ என்பது கணினியில் நிகழும் மாற்றங்கள் கைப்பேசிக்கு வராமல் தடுக்குமே தவிர, கைப்பேசியில் அழித்ததைத் தடுக்காது. அழிப்பதும் அனுப்பப்படும் ஒரு மாற்றம்தான். பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கணினியில் அந்தக் கோப்புறையின் அமைப்புகளுக்குப் போய்க் கோப்புப் பதிப்புகளைப் பேணும் வசதியை ‘டிராஷ் கேன்’ முறையில் இயக்குங்கள். அதன்பின் கைப்பேசியில் அழிப்பவை கணினியில் தனி உட்கோப்புறை ஒன்றுக்குள் ஒதுக்கிவைக்கப்படும்; நாட்களின் எண்ணிக்கையை 0 என்று விட்டால் அவை தாமாக நீங்குவதில்லை. பிற சாதனத்திலிருந்து வரும் மாற்றங்களுக்கே இந்த வசதி வேலைசெய்யும் என்பதால், இதைக் கைப்பேசியில் இயக்கிப் பயனில்லை.

திருமலை எழுதுவினைஞர்:

14 பக்கங்களும் கிடைத்துவிட்டன! பெயரைத் திருத்தியதும் முதல் பக்கத்து முத்திரையும் கையொப்பமும் தெளிவாகத் தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. மிக்க நன்றி. ஆனால் கைப்பேசியில் இடப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. அழிக்காமல் எப்படிச் சமாளிப்பது?

பழைய லினக்ஸ்காரன்:

மகிழ்ச்சி. டிசிஐஎம் கோப்புறையை இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுப் படங்களும் உறுதிகளும் ஒன்றாகக் கிடப்பது உங்கள் தொழிலுக்கு எப்படியும் நல்லதல்ல. உறுதிகளுக்கென்று தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, சேமிக்கும் இடத்தை மாற்றிக்கொள்ள இடந்தரும் ஓப்பன் கேமரா செயலியால் அதற்குள்ளேயே படம்பிடியுங்கள். இரு பக்கமும் ‘அனுப்பவும் பெறவும்’ என்றே இருக்கட்டும். உங்கள் மேசையில் வந்த கடிதங்களை வைக்கும் தட்டைப்போல அந்தக் கோப்புறையை நினைத்துக்கொள்ளுங்கள்: படங்கள் கணினிக்கு வந்ததும், அவற்றைக் கட்சிக்காரரின் நிரந்தரக் கோப்புறைக்கு நீங்களே நகர்த்திவிட வேண்டும். தட்டு காலியானதும், அடுத்த ஒத்திசைவில் கைப்பேசியும் தானாகக் காலியாகும். உங்களைக் கலங்கவைத்த அதே குணம் இங்கே உங்களுக்கு வேலைசெய்யும். நிரந்தரக் கோப்புறைக்கு வெளிவன்தட்டில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

கிண்ணியா ஆசிரியை:

திரை அணைந்ததும் நிற்பதற்குக் காரணம் ஆண்ட்ராய்டின் மின்கலச் சேமிப்பு. செயலியின் அமைப்புகளில் மின்கலப் பயன்பாட்டைக் ‘கட்டுப்பாடின்றி’ என்று மாற்றினால் எனக்குச் சரியானது. நாள் முழுவதும் ஓடவேண்டாமென்றால், வைஃபை இருக்கும்போதும் மின்னேற்றும்போதும் மட்டும் இயங்குமாறு செயலிக்குள்ளேயே நிபந்தனை வைக்கலாம். ஒரு படம் 4 எம்பி என்றாலும் 40 பக்கங்களுக்கு 160 எம்பி ஆகிவிடுமே.

நீங்கள் வைத்திருப்பது பழைய அதிகாரபூர்வச் செயலியா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டுக்கான அதன் வெளியீடு 2024 டிசம்பருடன் நின்றுவிட்டது. நான் அதிலிருந்து பிறர் உருவாக்கிய சிங்க்திங்-ஃபோர்க் என்ற கிளைச் செயலிக்கு மாறிவிட்டேன்.

திருமலை எழுதுவினைஞர்:

பழையதுதான். இன்று மாலை ஐயா நீதிமன்றத்திலிருந்து திரும்புமுன் மாற்றிவிடுகிறேன்.