டிராகன் பால்: எல்லாமே ‘உருமாற்றம்’ தானா?

வணக்கம். ஜப்பானியச் சித்திரத் தொடரான டிராகன் பாலில் பாத்திரங்கள் உருமாறிப் பலம் பெறுவதைக் குறிக்க, தமிழில் ‘உருமாற்றம்’ என்ற ஒரே சொல் போதும் என்று இங்கே பலரும் சொல்கிறீர்கள். பாத்திரங்களின் பலத்தை ஒப்பிடாதவரை போதும்தான். ஒப்பிட ஆரம்பித்தால் அந்தச் சொல் காலை வாரிவிடும்.

வில்லன் ஃப்ரீசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உருவில் தன் போர்வலு (சண்டைப் பலத்தின் அளவெண்) 5,30,000 என்று அவனே சொல்கிறான். இரண்டாம் உருவில் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. கடைசி உருவில் முழுப் பலத்தோடு நிற்கும்போது 12 கோடி என்று தொடரைப் பற்றிய கையேடு சொல்கிறது. வகுத்தால் ஏறத்தாழ 226 மடங்கு. நாயகன் கோக்குவின் சயான் இனத்தார் எடுக்கும் பொன்முடி உருவான சூப்பர் சயானோ 50 மடங்குதான். கோக்குவின் 30 லட்சம் 15 கோடி ஆகிறது. ஆக, ஃப்ரீசாவின் உருமாற்றமே வலிமையானது என்று இந்த இழையில் ஒரு வாதம் வந்தது. கணக்கில் தப்பில்லை, ஆனால் ஒப்பீடே செல்லாது. ஃப்ரீசாவின் இயல்பான உடல் அந்தக் கடைசி உருதான். முந்தைய உருக்கள் எல்லாம் பலத்தை அடக்கி வைக்க அவன் போட்டுக்கொண்ட பூட்டுகள். அந்த 226, அவன் எவ்வளவு மறைத்திருந்தான் என்பதைக் காட்டுகிறதே தவிர எவ்வளவு கூட்டினான் என்பதை அல்ல. கோக்குவிடம் அந்த 15 கோடி அதுவரை இருந்ததே இல்லை.

அதனால் இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். இருப்பதை மடங்குகளில் கூட்டுவது பெருகுரு. அடக்கியதைத் திறந்துவிடுவது அவிழுரு. இரண்டும் வினைத்தொகை, சொல்லவும் எளிது. ‘உருப்பெருக்கம்’ என்ற யோசனை எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் இயற்பியல் பாடத்தில் அதை லென்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சயான்கள் முழுநிலவைப் பார்த்துப் பெருங்குரங்காவது 10 மடங்கு, அது பெருகுரு. ஃப்ரீசாவின் அடியாள் சார்போன் அசிங்கமாக இருக்கிறதென்று ஒளித்து வைத்திருந்த உரு, அவிழுரு. ஃப்ரீசா பின்னாளில் பயிற்சி செய்து பொன்னிறமானது மறுபடி பெருகுரு. ஆக ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். காயோகென் என்ற பலம் கூட்டும் உத்தியை இதில் சேர்க்க வேண்டாம். கோக்கு அதில் 2, 3, 4, 10, 20 என்று மடங்கை விருப்பப்படி ஏற்றினாலும் உரு அப்படியேதான் இருக்கிறது, உடம்புதான் படாதபாடு படுகிறது.

இன்னொன்று, சூப்பர் சயானின் 50 கதைக்குள் யாரும் சொன்னதில்லை, பின்னால் வந்த கையேடுகளில் வருவது. இரண்டாம் நிலை முதலாவதைப் போல் இரு மடங்கு, மூன்றாம் நிலை இரண்டாவதைப் போல் நான்கு மடங்கு என்பதும் அப்படியே. பெருக்கினால் 400 வரும். அதை வைத்து மூன்றாம் நிலைதான் சண்டைக்கு உகந்தது என்று முடிவுகட்டினால், ஆற்றலை அது எவ்வளவு வேகமாகக் கரைக்கிறது என்பது கணக்கில் வராமலே போகும். ‘செல்’ என்ற வில்லனிடம் ட்ரங்க்ஸ் என்ற வீரன் சிக்கிக்கொண்டதும் இப்படித்தான்: தசை பருத்தது, பலம் ஏறியது, வேகம் போய்விட்டது. அடி விழாத பலத்துக்கு எத்தனை மடங்கு போட்டால் என்ன?

சரி, எனக்கே பிடிபடாத ஒன்று: கோக்குவின் மகன் கோஹான். மூத்த காயோ என்ற தெய்வம் அவனுக்குள்ளே உறங்கிய வலுவை முழுதாக வெளிக்கொணர்கிறார், ஆனால் கோஹானின் முடி நிறம்கூட மாறவில்லை. அவிழ்ந்தது உண்மை, உருதான் இல்லை. ‘அவிழ்வலி’ என்று எழுதிப் பார்த்தேன், மூட்டு நழுவியது போல் ஒலிக்கிறது. ‘அவிழ்வலு’ பரவாயில்லையா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?