சதய விழாவுக்கு ஆகிரியா?

குழு: ஆலமரத்து வீடு (23 பேர்)
குழு விளக்கம்: முழு வாக்கியத்தில், பிழையின்றி எழுதவும். – நிர்வாகி, பெரியப்பா

மாலை 4:05

நான்: எல்லோருக்கும் வணக்கம். மாமன்னர் இராஜராஜ சோழனுக்கு நம் தெருவில் எடுக்கும் சதய விழாவின் குழுவிலிருந்து பேசினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாள் மாலை 6 மணிக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என்னென்ன பாட்டு என்று இன்று இரவு 8 மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறதாம்.

அப்பா: சரி.

மன்னார்குடி சித்தப்பா: தீபாவளிக்கு முன்னா, பின்னா?

நான்: பின்னால்தான் சித்தப்பா. மாமன்னர் பிறந்த ஐப்பசிச் சதய நட்சத்திரம்.

மன்னார்குடி சித்தி: பாப்பா பாடுவாள். வீணையும் வாசிப்பாள். வீணை இருந்தால்.

கும்பகோணம் அத்தை: இங்கே காலையிலிருந்து மழை.

திருவாரூர் மாப்பிள்ளை: இது எத்தனையாவது சதய விழா?

நான்: 1040.

மன்னார்குடி சித்தப்பா: மாமன்னருக்கு 1040 வயது!

பெரியப்பா: வயது அன்று. 985இல் முடிசூடியதிலிருந்து எண்ணும் கணக்கு. இதைச் சென்ற ஆண்டும் இதே குழுவில் எழுதினேன்.

மாலை 4:31

பெரியப்பா: அனைவரும் பொறுமையாகப் படிக்கவும். பாட்டைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே விடை இருக்கிறது. பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவதற்குப் பிடாரர்கள் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை மாமன்னர் அமர்த்தினார். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். கல்வெட்டு சொல்வது, நான் சொல்வதன்று. அந்த ஐம்பது பேரில் மன்னரைப் புகழ்ந்து பாட ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனிக்கவும். ஆகவே அவருடைய விழாவில் திருமுறைதான் முறை. ஆனால் ஒரு சிக்கல். கோயில் பணி நிறைவெய்தியது 1010இல். தேவார மூவர் அதற்கு வெகு காலம் முந்தியவர்கள். எனவே பெரிய கோயில்மீது தேவாரப் பதிகம் இல்லை. இருப்பது கருவூர்த் தேவரின் திருவிசைப்பா. ஒன்பதாம் திருமுறை. ‘உலகெலாம் தொழவந்து எழுகதிர்ப் பரிதி’ என்று தொடங்கும். தொடர்கிறேன்.

மன்னார்குடி சித்தப்பா: முக்குறுணி என்றால் ஆண்டுக்கு எவ்வளவு?

திருவாரூர் மாப்பிள்ளை: 1095 குறுணி. 12 குறுணி ஒரு கலம். 91 கலம், 3 குறுணி.

மன்னார்குடி சித்தப்பா: ஈரப்பதம் பார்த்தா அளந்தார்கள்?

மன்னார்குடி சித்தப்பா: என் குறுவை நெல் 11 நாளாகக் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கிறது. 17 சதவீதத்தைத் தாண்டினால் தொடமாட்டார்களாம். வெயில் எங்கே இருக்கிறது, காயவைக்க? தார்ப்பாய் வாடகை வேறு.

கும்பகோணம் அத்தை: அடக் கடவுளே. தார்ப்பாயை இரவில் இறுக்கிக் கட்டு தம்பி. அடியில் வைக்கோல் போட்டாயா?

மன்னார்குடி சித்தப்பா: போட்டிருக்கிறேன் அக்கா. அடிமூட்டை முளைவிட்டுவிட்டது.

அப்பா: நாளைக்கு வருகிறேன்.

திருவாரூர் மாப்பிள்ளை: பெரிய மாமா, கோயிலில் ஆடிய 400 பெண்களுக்கு ஆளுக்கு 100 கலமும் ஒரு வீடும் என்று சொன்னீர்கள் இல்லையா?

பெரியப்பா: ஆம். ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து.

திருவாரூர் மாப்பிள்ளை: இராஜராஜேசுவர நாடகம் நடித்தவருக்கு?

பெரியப்பா: 120 கலம். அது பேரன் இரண்டாம் இராஜேந்திரன் காலத்து ஏற்பாடு. நாடகம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

திருவாரூர் மாப்பிள்ளை: நடித்தால் 120, ஆடினால் 100, பாடினால் 91. பாப்பாவை நடிக்க அனுப்புங்கள்.

மன்னார்குடி சித்தி: வீட்டில் நன்றாகத்தான் நடிக்கிறாள். தேர்வு என்றால் வயிற்றுவலி.

மாலை 5:02

பெரியப்பா: தொடர்ச்சி. இந்தத் திருவிசைப்பாவின் பண் பஞ்சமம். இன்றைய வழக்கில் ஆகிரி இராகம்.

கும்பகோணம் அத்தை: ஆகிரியா?

கும்பகோணம் அத்தை: வேண்டாம் அண்ணா. ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. அம்மா சொல்வார்கள்.

பெரியப்பா: மூடநம்பிக்கை.

கும்பகோணம் அத்தை: என் கல்யாணத்தில் நாகசுரக்காரர் ஆகிரியைத் தொட்டார். இரண்டாம் பந்தியில் சாம்பார் தீர்ந்தது. மறந்துவிட்டீர்களா?

பெரியப்பா: சாம்பார் தீர்ந்தது ஆகிரியால் அன்று. 150 பேர் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் 400 பேர் வந்ததால்.

கும்பகோணம் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

திருவாரூர் மாப்பிள்ளை: நான் படித்துவிட்டேன்.

அப்பா: விடுங்கள்.

நான்: 8 மணிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை நினைவூட்டுகிறேன்.

லண்டன் அண்ணன்: இப்போதுதான் பார்த்தேன். இங்கே 2023இல் மன்னர் சார்லஸ் முடிசூடியபோது கேட்டது நினைவுக்கு வருகிறது. 1727இல் இரண்டாம் ஜார்ஜ் முடிசூட்டுக்கு ஹாண்டல் இயற்றிய பாட்டு ஒன்றை அன்றுமுதல் எல்லா முடிசூட்டு விழாவிலும் பாடிவருகிறார்கள். தொடக்கத்தில் வெகுநேரம் வாத்தியம் மட்டும்தான். திடீரென்று அத்தனை குரலும் சேரும்போது உடம்பு சிலிர்க்கும். அதோடு விழாவுக்கென்றே 12 புதிய இசைப்படைப்புகளையும் கேட்டு வாங்கினார்கள். நாமும் பழையது ஒன்று, புதியது ஒன்று என்று வைக்கலாமே.

மன்னார்குடி சித்தப்பா: புதியதை யார் எழுதுவது?

பெரியப்பா: நான் மாமன்னர்மீது 14 விருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவா?

அப்பா: வேண்டாம்.

திருவாரூர் மாப்பிள்ளை: மாமாவின் தம்பி ஒரு வார்த்தையில் வெண்பா பாடிவிட்டார்.

பெரியப்பா: லண்டனில் இருப்பவனுக்கு ஒரு செய்தி. நீ அங்கே எழுந்து நின்று கேட்கும் அரச வாழ்த்தின் மெட்டு நம் முத்துசுவாமி தீட்சிதர் கைக்கு எப்போதோ வந்துவிட்டது. ‘சந்ததம் பாஹிமாம்’ என்னும் நோட்டுஸ்வரம் அதே மெட்டுதான். மன்னர் போய்விட்டார், அம்பாள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

லண்டன் அண்ணன்: அப்பா, இது எனக்குத் தெரியவே தெரியாது.

பெரியப்பா: சிறுவயதில் சொன்னேன். நீ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மாலை 5:48

மன்னார்குடி சித்தி: பாப்பாவிடம் கேட்டேன். ஆகிரி இன்னும் பாடம் ஆகவில்லையாம். இப்போது மேடையில் தைரியமாகப் பாடக்கூடியது கல்யாணியில் ‘நிதி சால சுகமா’ மட்டும்தானாம்.

திருவாரூர் மாப்பிள்ளை: அடடா.

நான்: என்ன?

திருவாரூர் மாப்பிள்ளை: சரபோஜி மன்னர் கூப்பிட்டு அனுப்பியபோது, செல்வம் சுகமா, இராமன் சந்நிதிச் சேவை சுகமா என்று கேட்டு தியாகராஜர் போக மறுத்த பாட்டு என்றுதானே திருவையாற்றில் சொல்வார்கள்? அரசர் விழாவில் அரசர் காசு வேண்டாம் என்று பாடலாமா?

லண்டன் அண்ணன்: அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது.

மன்னார்குடி சித்தப்பா: சோழர் விழாவில் தெலுங்கா?

திருவாரூர் மாப்பிள்ளை: சின்ன மாமா, இராஜராஜர் தம் மகள் குந்தவையைக் கட்டிக்கொடுத்ததே வேங்கிச் சாளுக்கியன் விமலாதித்தனுக்கு. சம்பந்தி வீட்டு மொழியில் ஒரு பாட்டுப் பாடினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மன்னார்குடி சித்தப்பா: சம்பந்தி என்றாலே இந்தக் குழுவில் சாம்பார் நினைவுக்கு வந்துவிடுகிறது.

கும்பகோணம் அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லை.

மன்னார்குடி சித்தப்பா: 1973இல் சிவாஜி நடித்து, குன்னக்குடி இசையமைத்த படத்தில் பெரிய கோயிலைப் பற்றியே பாட்டு இருக்கிறதே. ஊருக்கே தெரியும். கைதட்டல் நிச்சயம்.

பெரியப்பா: படப்பாட்டு ஆகாது.

மன்னார்குடி சித்தப்பா: அந்தப் படத்தை ஐந்து முறை பார்த்தவர் நீங்கள். என்னையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனீர்கள்.

பெரியப்பா: வசனத்துக்காக.

பெரியப்பா: அன்றைக்குப் பெரிய கோயிலில் யானைமேல் திருமுறையை ஏற்றி ஓதுவார்கள் பாடியபடி ராஜவீதிகளில் வருவார்கள். அதைக் கேட்ட காதோடு நம் தெருவுக்கு வருகிறவர்களிடம் படப்பாட்டைப் பாடச் சொல்கிறாயா? பிள்ளைகள் மூன்று பாடலாவது திருவிசைப்பா பாடட்டும். பாப்பாவுக்கு ஆகிரி வராவிட்டால் ஓதுவார் ஒருவரிடம் நான் அழைத்துப் போகிறேன். இரண்டு வாரம் இருக்கிறது.

மன்னார்குடி சித்தி: வீணையில் பிடித்துப் பார்த்தால் சீக்கிரம் வந்துவிடும் என்று அவள் வாத்தியார் சொல்கிறார். அண்ணி, கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். மாமியாரின் தஞ்சாவூர் வீணை உங்கள் வீட்டில்தானே இருக்கிறது?

கும்பகோணம் அத்தை: மகாமகக் குளத்துத் தெருவெல்லாம் தண்ணீர்.

மன்னார்குடி சித்தப்பா: அக்கா, வீணையைக் கேட்கிறாள்.

கும்பகோணம் அத்தை: மெழுகு இளகிவிட்டது. மேளம் கட்டாமல் எப்படி வாசிப்பாள்? மெழுகில் பதித்த 24 மெட்டையும் புதிதாக வைக்க வேண்டும். ஒரே பலாமரத்தில் குடைந்த வீணை. மழையில் ஆட்டோவில் ஏற்றி இறக்குகிற பொருளா அது?

மன்னார்குடி சித்தப்பா: மேளம் கட்டும் செலவை நான் கொடுக்கிறேன்.

திருவாரூர் மாப்பிள்ளை: நெல் எடுத்த பிறகா?

மன்னார்குடி சித்தி: அது வீட்டுக்குப் பொது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கும்பகோணம் அத்தை: அம்மா தன் கையால் எனக்குக் கொடுத்தது.

பெரியப்பா: பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வீணையைப் பற்றி எதுவும் இல்லை. எழுதியவன் நான்.

கும்பகோணம் அத்தை: அதனால்தான் இல்லை.

அப்பா: விடுங்கள்.

இரவு 7:40

நான்: இருபது நிமிடம் மீதம் இருக்கிறது. நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதலில் திருவிசைப்பா மூன்று பாடல். பிறகு பாப்பா கல்யாணி. கடைசியில் என்ன?

லண்டன் அண்ணன்: நோட்டுஸ்வரம். குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து பாடலாம்.

மன்னார்குடி சித்தப்பா: படப்பாட்டு.

பெரியப்பா: விருத்தம் ஒன்று மட்டுமாவது.

கும்பகோணம் அத்தை: ஆகிரி பாடுவதென்றால் 5 மணிக்கே பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சோறு போட்டுவிடுங்கள். தயிர்ச்சாதம் நான் கொண்டுவருகிறேன்.

பெரியப்பா: சாப்பிட்டுவிட்டுப் பாடினால் மூச்சு நிற்காது.

கும்பகோணம் அத்தை: சாப்பிடாமல் பாடினால் ஆளே நிற்க மாட்டார்கள்.

திருவாரூர் மாப்பிள்ளை: 400 பேருக்குச் சேர்த்துக் கொண்டுவாருங்கள் அத்தை.

கும்பகோணம் அத்தை: குட்டி, உன் வீட்டுக்காரரிடம் போனை வாங்கி வை.

இரவு 8:14

நான்: விழாக் குழுவிலிருந்து பேசினார்கள். நமக்கு 12 நிமிடம்தானாம். அழைப்பிதழில் பாட்டின் பெயர் எதுவும் போடவில்லையாம், ‘சிறுவர் இசை’ என்று மட்டும் அச்சாகிறதாம். பாட்டை மேடை ஏறுவதற்கு முன்பு சொன்னால் போதுமாம்.

மன்னார்குடி சித்தப்பா: அப்படியானால் பேசிக்கொள்ளலாம்.

பெரியப்பா: 12 நிமிடத்தில் திருவிசைப்பா மட்டும்தான் அடங்கும்.

மன்னார்குடி சித்தி: கல்யாணியும் அடங்கும். அண்ணி, வீணையை எடுக்கத் தம்பியை எப்போது அனுப்பட்டும்?

லண்டன் அண்ணன்: காணொளி அனுப்ப மறக்காதீர்கள்.

கும்பகோணம் அத்தை: மன்னார்குடியில் மழை விட்டதா?