புதுப்பிப்பு: களிமண்ணில் நார் திரளாமல் கலப்பது
விரிந்து சுருங்கும் களிமண்ணை வலுப்படுத்த, மண்ணின் உலர் எடையில் 5% சுண்ணாம்பு, 0.5% தென்னை நார் என்று முன்பு எழுதியிருந்தேன். நார் ஏன் பந்துபந்தாகத் திரள்கிறது என்பதே அதிகம் வந்த கேள்வி. பிசுபிசுப்பான களியில் நேரடியாகப் போட்டால் அப்படித்தான். முதலில் நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் கலந்து, நனைத்து, ஒரு நாள் மூடி வையுங்கள். மண் பொலபொலவென்று உதிரத் தொடங்கும். பிறகு 20 மி.மீ. நீளத்துக்கு வெட்டி உதிர்த்த நாரைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கவும். நார் 1 சதவீதத்தைத் தாண்டினால் திரள்வதோடு அடர்த்தியும் குறையும்.

இறுக்கும்போது வெறும் மண்ணின் ஈரப்பத அளவை நம்பாதீர்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் உகந்த ஈரப்பதம் கூடும். எந்த ஈரப்பதத்தில் மண் மிக அடர்த்தியாக இறுகும் என்று காட்டும் பிராக்டர் சோதனையைக் கலவையிலேயே செய்யவும். சல்பேட் அதிகமுள்ள மண்ணா? சுண்ணாம்பே வேண்டாம். எட்ரிங்கைட் என்ற விரியும் கனிமம் உருவாகி வீக்கம் இன்னும் மோசமாகும்.