மறு: க்வில்டிங்குக்குத் தமிழ்ச்சொல் – ‘அடுக்குத்தையல்’ என்று வைக்கலாமே

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

துணிகளை அடுக்கிப் போர்வையாகத் தைக்கும் க்வில்டிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு ஒட்டுப்போர்வை, கந்தைத்தையல், துன்னல், மெத்தைத்தையல் என்று வந்த பரிந்துரைகளையெல்லாம் படித்தேன். கும்பகோணத்தில் இருந்துகொண்டு இந்தக் கலையை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். கையில் ஊசியோடு யோசித்தபோது எனக்குச் சரியாகப் பட்டது ‘அடுக்குத்தையல்’.

> துண்டு துண்டாகச் சேர்ப்பதுதானே இதன் அழகு? ‘ஒட்டு’ என்ற சொல் வராமல் எப்படி?

ஐயா, துண்டு சேர்ப்பது பாதி வேலைதான். அதற்குப் பேட்ச்வொர்க் என்று தனிப்பெயரே இருக்கிறது. ஒரே முழுத்துணியை மேலே போட்டும் க்வில்ட் செய்கிறார்கள். அதில் ஒட்டே கிடையாது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஊசி மேலும் கீழும் போய்வருகிறதே, அதுதான் க்வில்டிங். அந்தத் தையல் வரிசைகள் தள்ளித்தள்ளி இருந்தால் நாலு துவைப்பில் பஞ்சு உருண்டு மூலைக்குப் போய்விடும். மேலே எவ்வளவு அழகாகத் துண்டு சேர்த்திருந்தாலும் போர்வை வீண். அதனால் பெயரில் அடுக்கும் வேண்டும், தையலும் வேண்டும்.

‘ஒட்டு’ நமக்கு வேறொரு இடத்துக்குத் தேவைப்படுகிறது. தேர்களில் உருளையாகத் தொங்கும் துணி அலங்காரங்களான தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் அவற்றைச் செய்பவர்கள் ஒரு துணியில் உருவத்தை வெட்டியெடுத்து, வேறு நிறத் துணியின்மேல் வைத்து ஓரம் தைப்பார்கள். அப்ளிக் என்பது அதுதான். அதற்கு ‘ஒட்டுத்தையல்’, பேட்ச்வொர்க்குக்குத் ‘துண்டுச்சேர்ப்பு’, க்வில்டிங்குக்கு ‘அடுக்குத்தையல்’ என்று பிரித்துக்கொண்டால் செய்முறை எழுதுகிறவர் திண்டாட வேண்டியதில்லை.

துன்னல் அருமையான சொல். பொருநராற்றுப்படையில் ‘வேற்றிழை நுழைந்த துன்னல் சிதாஅர்’ என்று வருகிறது, அதுவும் நம் காவிரிநாட்டுக் கரிகாலனைப் பாடிய பாட்டில். ஆனால் அங்கே அது ஈரும் பேனும் குடியிருந்த, வேறு நூல் ஓடித் தைத்த கந்தல். துன்னல் என்றால் பொதுவாகவே தையல். அடுக்கு என்ற பொருள் அதில் இல்லை. கந்தைத்தையலுக்கும் நியாயம் உண்டு. வங்காளத்துக் காந்தாவும் நம் கந்தையும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. காந்தாவும் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதுதான். இருந்தாலும் பிறந்த குழந்தைக்கு ஆசையாகத் தைத்துக் கொண்டுபோகும் பொருளைக் ‘கந்தை’ என்று சொல்லிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

அடுக்குத்தையலுக்கு என்னிடம் உள்ள வலுவான சான்று வீட்டுப் பேச்சுதான். பழைய நூல்சேலையை மடித்துத் தைத்துக் குழந்தையைக் கிடத்துவது எங்கள் பக்கத்தில் வழக்கம். என் அத்தை சொல்வார்: “ரெண்டு சேலைய அடுக்கித் தைச்சுப் போடும்மா, புள்ளைக்கு மெத்துன்னு இருக்கும்.” வினை ஏற்கெனவே புழங்குகிறது; நாம் பெயர்ச்சொல் ஆக்கினால் போதும்.

சொல் வேலைக்கு ஆகிறதா என்று பார்க்க, புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு குறிப்பு எழுதினேன்:

“தையற்கடையில் மிஞ்சும் கட்பீஸில் சாயம் போகாத பருத்தியாக எடுங்கள். வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். எல்லாத் துண்டையும் ஒரே அளவுச் சதுரமாக வெட்டி, தையலுக்குக் கால் அங்குலம் விட்டுச் சேருங்கள். இந்தக் கால் அங்குலம் ஒன்றில் கூடி ஒன்றில் குறைந்தால் கட்டங்களின் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. சேர்த்த இடங்களை இஸ்திரி போட்டு அமர்த்துங்கள். பிறகு அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க, சுருக்கமில்லாமல் இழுத்து விரித்து, அதன்மேல் நடுவடுக்கு, அதன்மேல் மேல்துணி. மூன்றையும் பெரிய பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ளுங்கள். அடுக்குத்தையலை நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிக் கொண்டுபோங்கள். ஓரத்திலிருந்து வந்தால் துணி நடுவில் உப்பிக்கொள்ளும்.”

எங்குமே இடறவில்லை. நடுவில் வைக்கும் பேட்டிங்குக்குப் ‘பஞ்சு’ என்று எழுதாமல் ‘நடுவடுக்கு’ என்று போட்டதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பஞ்சுப்போர்வை மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் பெட்டியில்தான் கிடக்கும். நான் பழைய வேட்டியை நடுவில் வைக்கிறேன். சிலர் பாலியெஸ்டர் வைப்பார்கள். எதை வைத்தாலும் சொல் பொருந்த வேண்டும். மேல்துணியில் சேர்க்கும் ஒவ்வொரு சதுரத்தையும் பிளாக் என்பார்கள்; அதற்குக் ‘கட்டம்’ போதும். மாயவரத்துக் கூறைநாட்டில் கட்டம் போட்ட கூறைச்சேலையை நெய்தவர்களுக்கும் உடுத்தியவர்களுக்கும் அதை யாரும் விளக்க வேண்டாம்.

பைண்டிங்கில்தான் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. சுற்றிலும் ஒரு பட்டையை மடித்து மூன்று அடுக்கின் பிசிறையும் மூடுகிறோம். ‘கரைகட்டுதல்’ என்று சொல்லலாமா? கரை என்பது சேலையோடு சேர்த்து நெய்வதாயிற்றே, தனியாக வைத்துத் தைப்பதை அப்படிச் சொன்னால் நெசவாளர்கள் ஒப்புவார்களா? திருபுவனம் பக்கம் தறி வைத்திருக்கும் நண்பர்கள் இதற்குப் பதில் எழுதினால் நன்றாக இருக்கும். ‘ஓரப்பட்டி’ என்ற மாற்றும் கையில் இருக்கிறது.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து