‘ரெயின்போ சிக்ஸ்’ பாதியில் நிற்கிறது, படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

பயங்கரவாத எதிர்ப்புப் படை ஒன்றைப் பற்றிய டாம் கிளான்சியின் ‘ரெயின்போ சிக்ஸ்’ (1998) நாவலைத் தொடர முடியாமல் நிற்கிறேன். 700 பக்கங்களுக்கு மேல். மூன்று வாரமாகப் பாதியைத் தாண்டவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர வங்கியில் பணயக்கைதிகளை மீட்கும் பகுதியை ஒரே மூச்சில் படித்தேன். ஸ்பெயின் கேளிக்கைப் பூங்காவில், சக்கர நாற்காலியில் இருந்த சிறுமியைச் சுடும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிட்டேன், அவ்வளவு பாரம். ஆனால் மற்ற பக்கங்களில் துப்பாக்கி வகை, பயிற்சி, மறுபடியும் பயிற்சி. வீரர்களின் முகமே மனதில் பதியவில்லை.

நண்பர்களைக் கேட்டேன். அந்த நுணுக்கம்தான் நாவலின் உயிர் என்கிறார் ஒருவர். வில்லன்களாக வரும் சூழலியல் தீவிரவாதிகள் வெறும் அட்டை பொம்மைகள் என்கிறார் இன்னொருவர். ஒலிப்புத்தகமாகக் கேட்டேன், பயிற்சிப் பகுதிகளைத் தாண்டியும் பார்த்தேன். யார் எந்த அணி என்றே குழம்பியது. சரி, விட்டுவிடலாம் என்றால் மனம் வரவில்லை.

அந்தப் படையின் தலைவன் ஜான் கிளார்க்கின் முன்கதையான ‘வித்தவுட் ரிமோர்ஸ்’ (1993) படித்துவிட்டு வந்தால் இதில் ஒன்ற முடியுமா?